பி மதிப்பு 0.057: பாக்கெட் எடை சரியா, குறைவா?

கேள்வி: ஐயா, வணக்கம். புள்ளியியலில் இளங்கலை முடித்துவிட்டு, ஈரோடு பக்கம் மஞ்சள் தூள் பாக்கெட் போடும் ஆலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் 200 கிராம் பாக்கெட்டில் எடை குறைகிறது என்று மொத்த வியாபாரி ஒருவர் புகார் சொன்னார். ஒரு நாள் உற்பத்தியிலிருந்து 25 பாக்கெட்டுகளை எடுத்து நிகர எடை பார்த்தேன். சராசரி 198.6 கிராம், திட்ட விலக்கம் 3.5 கிராம். ‘சராசரி 200 கிராம்’ என்பதை இன்மைக் கருதுகோளாக (சோதனைக்காக முதலில் உண்மை என்று வைத்துக்கொள்ளும் கூற்றாக) வைத்து ஒற்றை மாதிரி டி சோதனை செய்தேன். டி மதிப்பு மைனஸ் 2.00, இருபக்க பி மதிப்பு 0.057 (வழக்கமான எல்லை 0.05; அதற்குக் கீழே வந்தால்தான் கருதுகோளைத் தள்ளுவோம்). “0.05-க்கு மேல் வந்துவிட்டது. எடை சரி என்று நிரூபணம் ஆகிவிட்டது, அப்படியே எழுதிவிடு” என்கிறார் மேலாளர். உடன் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், “எடை சரியாக இருக்க 5.7 சதவீத வாய்ப்புதான் இருக்கிறது; குறைவு என்பது 94 சதவீதம் உறுதி” என்கிறார். ஒருபக்கச் சோதனையாக, அதாவது எடை குறைவை மட்டும் பார்ப்பதாக, மாற்றினால் 0.028 வருகிறது, முடிவே தலைகீழாகிவிடுகிறது. அறிக்கையில் நான் எதை எழுதுவது?
— வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

மேலாளர் சொல்வது தவறு. அண்ணன் சொல்வதும் தவறு. உங்கள் கணக்கு சரி. திட்ட விலக்கம், அதாவது பாக்கெட்டுக்குப் பாக்கெட் எடை மாறும் அளவு, 3.5; அதை 25-இன் வர்க்கமூலமான 5-ஆல் வகுத்தால் திட்டப் பிழை, அதாவது மாதிரிச் சராசரியில் எதிர்பார்க்கும் தடுமாற்றம், 0.7 கிராம். 200-க்கும் 198.6-க்கும் இடைவெளி 1.4 கிராம், அதாவது திட்டப் பிழையைப் போல் இரண்டு மடங்கு; அந்த மடங்குதான் டி மதிப்பு. 25 பாக்கெட்டுக்கு உரிய டி பரவலில் இதற்கான இருபக்க பி மதிப்பு 0.057. கணக்கில் குறை இல்லை. அதைப் படிக்கும் இடத்தில்தான் இருவரும் இரண்டு திசையில் வழுக்குகிறார்கள்.

அந்த 0.057 என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் இயந்திரம் உண்மையிலேயே சராசரி 200 கிராம் நிரப்புகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஏற்ற இறக்கம் இருக்கிறது, ஆனால் சராசரியில் கோளாறு எதுவும் இல்லை. அந்த இயந்திரத்திலிருந்து 25 பாக்கெட் எடுத்து எடை போட்டு டி மதிப்பைக் கணக்கிடுகிறீர்கள். மறுபடியும் வேறு 25, மறுபடியும் வேறு 25 என்று ஆயிரம் தடவை செய்கிறீர்கள். அந்த ஆயிரத்தில் ஏறக்குறைய 57 தடவை டி மதிப்பு 2-ஐத் தாண்டியோ மைனஸ் 2-க்குக் கீழேயோ போய்விடும். எடையில் கோளாறே இல்லாத இயந்திரத்தில், எந்த 25 கையில் சிக்கியது என்பதால் மட்டும் அப்படி நேரும். உங்கள் மாதிரி காட்டிய விலகல், அல்லது அதைவிடப் பெரிய விலகல், சரியான இயந்திரத்திலும் அத்தனை தடவை தென்படும் என்பதுதான் 0.057. அதற்கு மேல் ஒரு சொல்லும் அதில் இல்லை.

அண்ணனின் பிழை மிகப் பரவலானது. பாடம் நடத்துகிறவர்களிடமும் கேட்டிருக்கிறேன். ‘எடை சரி’ என்று வைத்துக்கொண்டுதான் 0.057-ஐக் கணக்கிட்டோம். அப்படி வைத்துக்கொண்டு கிடைத்த எண்ணைத் திருப்பி, ‘எடை சரியாக இருக்கும் வாய்ப்பு 5.7 சதவீதம்’ என்று எப்படிப் படிக்க முடியும்? மழை பெய்தால் வாசல் நனைந்திருக்கும். வாசல் நனைந்திருப்பதால் மழை பெய்தது என்று சொல்லிவிட முடியாது. யாராவது தண்ணீர் தெளித்திருக்கலாம். எது நடந்திருக்கும் என்று சொல்ல, அது மழை மாதமா, அந்த வீட்டில் தினமும் தண்ணீர் தெளிப்பார்களா என்பதெல்லாம் தெரிய வேண்டும்.

உங்கள் ஆலைக்கே இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். இயந்திரம் 100 நாளில் 10 நாள் மட்டும் 1.4 கிராம் குறைத்து நிரப்புகிறது, மற்ற 90 நாளும் சரியாக நிரப்புகிறது என்று வையுங்கள். தினமும் 25 பாக்கெட் எடுத்து 0.05 என்ற எல்லையில் சோதிக்கிறீர்கள். சரியாக ஓடும் 90 நாளில் 5 சதவீதம், அதாவது 4 அல்லது 5 நாள், வெறும் தற்செயலால் எச்சரிக்கை வரும். குறைவாக நிரப்பும் 10 நாளில் ஏறக்குறைய 5 நாள் மட்டுமே சோதனை அதைப் பிடிக்கும். 25 பாக்கெட்டின் வலிமை அவ்வளவுதான். ஆக மொத்தம் ஒன்பது, பத்து எச்சரிக்கை வந்தால் பாதி பொய். இதுவே 100 நாளில் 50 நாள் இயந்திரம் தகராறு செய்கிறது என்றால் மெய்யான எச்சரிக்கை 25, பொய்யானது இரண்டு மூன்றுதான். சோதனை ஒன்றே, எல்லையும் 0.05 ஒன்றே, ‘உண்மையில் குறைவாக இருக்கும் வாய்ப்பு’ மட்டும் எங்கிருந்து எங்கோ போய்விட்டது. ஏனென்றால் அது இயந்திரத்தின் முந்தைய நடத்தையையும் பொறுத்தது. அந்த நடத்தை பி மதிப்புக்குத் தெரியாது. அண்ணனின் 94 சதவீதத்துக்கு உங்கள் தாளில் எந்த ஆதாரமும் இல்லை.

இப்போது மேலாளரின் வாதம். வியாபாரத்தில் அதிகம் ஆபத்து விளைவிப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அவர் ‘200 கிராம்’ என்பதைச் சோதித்தார். பி மதிப்பு 0.057, தள்ளுபடி செய்ய முடியவில்லை, எனவே 200 கிராம் நிரூபணம் என்கிறார். அதே 25 பாக்கெட்டுகளை வைத்து நீங்கள் வேறொரு கருதுகோளைச் சோதியுங்கள்: ‘இயந்திரத்தின் உண்மைச் சராசரி 197.2 கிராம்’. உங்கள் மாதிரிச் சராசரி 198.6. இடைவெளி மறுபடியும் 1.4 கிராம், திட்டப் பிழை அதே 0.7, டி மதிப்பு இம்முறை பிளஸ் 2, பி மதிப்பு அதே 0.057. மேலாளரின் தர்க்கப்படி இப்போது 197.2 கிராமும் நிரூபணம் ஆகிவிட்டது. ஒரே நாளில், ஒரே இயந்திரத்தில், எடை சரி என்றும் பாக்கெட்டுக்கு 2.8 கிராம் குறைவு என்றும் சேர்த்து நிரூபிக்க முடியாது. இதை ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வையுங்கள். நீண்ட விளக்கத்தைவிட இது சீக்கிரம் புரியும்.

200, 197.2 ஆகிய இரண்டையும், இடையில் உள்ள அத்தனை எடைகளையும் உங்கள் மாதிரியால் தள்ளிவிட முடியவில்லை என்பதே உண்மை நிலை. அதைத்தான் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஒரே வரியில் சொல்கிறது. 198.6-இலிருந்து இருபுறமும் 2.064 (25 பாக்கெட்டுக்கு டி அட்டவணை தரும் எண்) பெருக்கல் 0.7, அதாவது 1.44 கிராம் போனால், 197.16 முதல் 200.04 வரை. 200 உள்ளே இருக்கிறது, விளிம்பில் ஒட்டிக்கொண்டு. இடைவெளியின் மற்ற பகுதி ஏறக்குறைய முழுவதும் 200-க்குக் கீழே இருக்கிறது. இந்த இடைவெளியைப் பார்த்த எவரும் ‘எடை சரி, கவலை வேண்டாம்’ என்று எழுதத் துணிய மாட்டார். ‘0.057, எனவே குறிப்பிடத்தக்கதல்ல’ என்ற வாக்கியத்தை மட்டும் பார்த்தவர் எழுதிவிடுவார். இதனால்தான் பி மதிப்பைத் தனியாக அனுப்பக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

0.05 என்ற கோடு எவ்வளவு மெல்லியது என்பதையும் உங்கள் எண்ணிலேயே பார்க்கலாம். அதே 2.00-ஐ டி பரவலுக்குப் பதிலாக இயல்நிலைப் பரவல் அட்டவணையில் பார்த்திருந்தால் பி மதிப்பு 0.0455 வந்திருக்கும். கோட்டுக்குக் கீழே! மேலாளர் ‘நிரூபணம்’ என்று சொன்ன இடத்தில் வியாபாரி ‘நிரூபணம்’ என்று சொல்லியிருப்பார். இங்கே டி பரவல்தான் சரி. திட்ட விலக்கமும் அதே 25 பாக்கெட்டிலிருந்து மதிப்பிடப்பட்டது, அந்த ஐயத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்தத் திருத்தத்தைக் கொடுத்தவர் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட். 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் பயோமெட்ரிகா இதழில் அந்தக் கட்டுரையை வெளியிட்டார். அவர் கையில் இருந்ததும் உங்களைப் போலவே சிறிய மாதிரிகள்தான், அவர் இருந்ததும் உங்களைப் போலவே ஓர் ஆலையில். 0.05-ஐ வசதியான எல்லை என்று பரப்பியவர் ரொனால்டு ஃபிஷர், 1925-இல் வந்த தம் புத்தகத்தில். இருபதில் ஒன்று என்பது அவருக்கு வசதியாகப் பட்டது. 0.049-ஐயும் 0.057-ஐயும் பிரித்து ஒன்றைக் குற்றவாளி என்றும் மற்றதை நிரபராதி என்றும் தீர்ப்பளிக்கும் சக்தி அந்த எண்ணுக்கு எங்கிருந்தும் வரவில்லை. 2016-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகச் சொன்னது: ஒரு கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பை பி மதிப்பு அளப்பதில்லை; விளைவு எவ்வளவு பெரியது என்பதையும் அளப்பதில்லை; ஓர் எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும் வைத்து வணிக முடிவு எடுக்கக் கூடாது.

ஒருபக்கச் சோதனை பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம், இந்த மாதிரிக்கு வேண்டாம். எடை குறைவுதான் கவலை என்றால் ஒருபக்கச் சோதனை நியாயமானதே, ஆனால் தராசில் முதல் பாக்கெட்டை வைப்பதற்கு முன்பே அதைத் தீர்மானித்து எழுதி வைத்திருக்க வேண்டும். எண்ணைப் பார்த்த பிறகு, அது விழுந்த பக்கத்தையே சோதனைப் பக்கமாகத் தேர்ந்தெடுப்பதை வழக்கமாக்கினால், சரியான இயந்திரத்தையும் நூற்றுக்குப் பத்துத் தடவை குற்றம் சாட்டுவீர்கள், வாயில் மட்டும் ‘5 சதவீதம்’ என்று சொல்லிக்கொண்டு. வியாபாரிக்குச் சாதகமாகச் செய்தாலும் அது சரியில்லை. நாளைக்கு அதே சுதந்திரத்தை வேறொருவர் ஆலைக்குச் சாதகமாகப் பயன்படுத்துவார். இருபக்கம் என்று தொடங்கினீர்கள், இருபக்கமாகவே எழுதுங்கள். அடுத்த முறைக்கு எது என்பதை இப்போதே செய்முறைக் குறிப்பேட்டில் பதிவு செய்துவிடுங்கள். கூடுதலாக நிரப்பினால் ஆலைக்கும் நட்டம் என்பதால், நான் இருபக்கச் சோதனையையே பரிந்துரைப்பேன்.

கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒன்று எனக்கு மிகவும் முக்கியம். அந்த 25 பாக்கெட்டுகளை எப்படி எடுத்தீர்கள்? இயந்திரத்திலிருந்து வரிசையாக விழுந்த 25-ஐ அள்ளிக்கொண்டு வந்தீர்களா, அல்லது நாள் முழுவதும் பரவலாக எடுத்தீர்களா? திருகுத்தண்டு மூலம் தூள் நிரப்பும் இயந்திரத்தில் ஹாப்பரில் (தூள் கொட்டி வைக்கும் தொட்டியில்) உள்ள தூளின் மட்டம் குறையக் குறைய, திருகுக்குள் இறங்கும் தூளின் அடர்த்தி மாறும். எடையும் மெல்ல நகரும். ஹாப்பர் காலியாகும் நேரத்தில் எடுத்த 25 பாக்கெட் அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் பேசும், அந்த நாளைப் பற்றி அல்ல. டி சோதனை ஒவ்வொரு பாக்கெட்டும் ஒன்றையொன்று சாராமல் எடுக்கப்பட்டது என்று நம்பிக்கொண்டு கணக்குப் போடுகிறது. அடுத்தடுத்த பாக்கெட்டுகள் ஒன்றையொன்று ஒத்திருந்தால் 0.7 என்ற திட்டப் பிழையே பொய், 0.057-உம் அதனுடன் போய்விடும். நிகர எடை காண என்ன செய்தீர்கள் என்பதையும் பாருங்கள். ஒரே ஒரு காலி உறையை எடை போட்டு எல்லாவற்றிலும் அதையே கழித்திருந்தால், அந்த உறை சற்றுக் கனமாக இருந்தாலும் 25-லும் ஒரே பிழை ஏறியிருக்கும். எத்தனை பாக்கெட் எடுத்தாலும் அது கரையாது.

இவற்றையெல்லாம் கேட்பது ஏனென்றால், இன்மைக் கருதுகோள் விழுந்தாலும் ஏன் விழுந்தது என்று பி மதிப்பு சொல்லாது. 1710-இல் ஜான் அர்பத்னாட் என்ற மருத்துவர் லண்டன் ஞானஸ்நானப் பதிவேடுகளை ஆராய்ந்தார். 82 ஆண்டுகளிலும், ஓர் ஆண்டுகூடத் தவறாமல், ஆண் குழந்தைகளின் எண்ணிக்கையே அதிகம். ஒவ்வோர் ஆண்டும் எந்தப் பக்கம் கூடும் என்பது நாணயம் சுண்டுவது போல் இருந்தால், இப்படி நேரும் வாய்ப்பு அரையை 82 தடவை பெருக்கியது. நினைத்துப் பார்க்கவே முடியாத சிறிய எண். தற்செயல் அல்ல என்று அவர் சொன்னது சரி. ஆனால் அதிலிருந்து அது இறைவனின் ஏற்பாடு என்று முடிவு கட்டினார். அந்த இரண்டாவது அடியை அவருடைய கணக்கு எடுத்து வைக்கவில்லை. உங்கள் ஆலையிலும் நாளைக்கு பி மதிப்பு 0.001 வந்தால்கூட, இயந்திர அமைப்பா, ஹாப்பரா, உறை எடையா, தராசா என்று நீங்கள்தான் இறங்கிப் பார்க்க வேண்டும்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 10,000 பாக்கெட்டை எடை போட்டுச் சராசரி 199.9 வந்தால் பி மதிப்பு 0.004 ஆகிவிடும். கால் சிட்டிகை மஞ்சளுக்கு அத்தனை பெரிய ஆரவாரம். உங்கள் 1.4 கிராம் அப்படிப்பட்டதல்ல. உண்மையிலேயே அவ்வளவு குறைந்தால் 10,000 பாக்கெட்டில் 14 கிலோ மஞ்சள் தூள், காசு கொடுத்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. 0.05-ஐத் தாண்டிவிட்டது என்பதற்காக அந்த 14 கிலோ திரும்பி வந்துவிடாது. பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011-இன்படி சோதிக்க வரும் தொழிலாளர் துறை ஆய்வாளரும் உங்கள் பி மதிப்பைக் கேட்க மாட்டார். சராசரி, குறிப்பிட்ட எடைக்குக் குறையாமல் இருக்கிறதா என்றும், தனித்தனிப் பாக்கெட்டுகளில் எத்தனை அனுமதித்த பிழையைத் தாண்டிக் குறைந்திருக்கின்றன என்றும் பார்ப்பார். 200 கிராமுக்கு அனுமதித்த பிழை 9 கிராம். உங்கள் சராசரியும் திட்ட விலக்கமும் அப்படியே நீடித்து, எடைகள் இயல்நிலைப் பரவலில் இருந்தால், ஆயிரத்தில் 15 பாக்கெட் 191-க்குக் கீழே போகும். மேலாளர் 0.05 பற்றிப் பேசுவதை விட்டு, 3.5 கிராம் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்டிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன்.

அறிக்கையில் இப்படி எழுதலாம்:

“குறிப்பிட்ட நாளின் உற்பத்தியில் 25 பாக்கெட்டுகளின் நிகர எடைச் சராசரி 198.6 கிராம், திட்ட விலக்கம் 3.5 கிராம். உண்மைச் சராசரிக்கான 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 197.2 முதல் 200.0 கிராம். சராசரி 200 கிராம் என்ற கருதுகோளுக்கு எதிரான இருபக்க பி மதிப்பு 0.057. எடை சரியாக இருக்கிறது என்று உறுதி சொல்ல இந்த மாதிரி போதாது. பாக்கெட்டுக்கு ஏறக்குறைய 3 கிராம் வரை குறைவு இருக்கலாம் என்பதை இது விலக்கவில்லை. கூடுதல் மாதிரியுடன் மறுபரிசோதனை தேவை.”

மறுபரிசோதனைக்கு இன்னொரு 25 எடுத்துப் பழையதோடு சேர்த்துப் பார்ப்பது, இன்னும் திருப்தி இல்லையென்றால் மேலும் 25 என்று போவது கூடாது. ஒவ்வொரு தடவை எட்டிப் பார்க்கும்போதும் பொய் எச்சரிக்கைக்கு ஒரு வாய்ப்புக் கூடுகிறது. எண்ணிக்கையை முதலிலேயே முடிவு செய்யுங்கள். 1.4 கிராம் குறைவு இருந்தால் பத்துக்கு ஒன்பது தடவை பிடிக்க வேண்டும் என்றால், இந்தத் திட்ட விலக்கத்துக்குச் சுமார் 70 பாக்கெட் வேண்டும். இயந்திர அமைப்பில் கைவைக்காமல், இரண்டு ஷிப்டுகளிலும் குறித்த இடைவெளியில் எடுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் நேரத்தை எழுதுங்கள். உறைகளைத் தனித்தனியே எடை போடுங்கள். முடிவு தெரியும் வரை அந்த உற்பத்தியை லாரியில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் புகார் தீர்ந்த பிறகு, தினமும் டி சோதனை போடும் பழக்கம் வேண்டாம். மாதம் 26 வேலை நாள் என்றால் கோளாறே இல்லாமல் மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் பொய் எச்சரிக்கை வரும். அன்றாடக் கண்காணிப்புக்கு வால்டர் ஷூவார்ட் 1924-இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம்தான் (அளவுகளை எல்லைக் கோடுகளுக்கு இடையே வரிசையாகக் குறித்துப் பார்க்கும் படம்) பொருத்தம்.

‘நிரூபணம் ஆகிவிட்டது’ என்று எழுதச் சொல்லி மேலாளர் மீண்டும் வற்புறுத்தினால், 197.2 கணக்கைக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் அந்தச் சொல் அறிக்கையில் வந்தால் அதன் கீழே உங்கள் கையெழுத்து வேண்டாம். முதல் 25 எடைகளும் எடுத்த வரிசையிலேயே உங்கள் குறிப்பேட்டில் இருந்தால் எனக்கு அனுப்பிவையுங்கள். முதல் பாக்கெட்டிலிருந்து கடைசிப் பாக்கெட் வரை எடை ஒரே பக்கமாக இறங்கிக்கொண்டே போயிருக்கிறதா என்று பார்த்தால், ஹாப்பர் மீதான என் சந்தேகம் சரியா என்பது தெரிந்துவிடும்.